என் நல்ல கொழுப்பும் எங்கள் வீட்டு எண்ணெயும்

எங்கள் வீட்டு எண்ணெய்க்கு விளம்பரம் செய்ய என் ரத்தம் லாயக்கில்லை என்று முடிவானது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். செக்குக் கொட்டகைக்கு முன்னால் குடும்பத்தையே வரிசையாக நிற்கவைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். மாமியார், மூத்தார், அவர் மனைவி, கல்லூரிக்குப் போகும் அவர்கள் மகள், என் கணவர் என்று எல்லோரும் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி உடுத்திக்கொண்டு நின்றார்கள். நானும் பட்டுச்சேலை கட்டிக்கொண்டுதான் வந்தேன். "அம்மணி, நீ சித்த உள்ள போயி எல்லாத்துக்கும் காப்பி வெச்சுக் கொண்டா" என்றார் மூத்தார். நான் காப்பியோடு திரும்பி வருவதற்குள் போட்டோக்காரர் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். அப்படித்தான் ஆகும் என்று எனக்கும் தெரியும், மூத்தாருக்கும் தெரியும்.

எங்கள் பக்கம் ஒருவரை ஒதுக்குவதென்றாலும் மரியாதையாகத்தான் ஒதுக்குவார்கள். வெளியூர்க்காரர்கள் இதைப் பண்பு என்று மெச்சுவார்கள். அவர்களுக்கென்ன, இரண்டு நாள் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்கள்.

மூத்தார் என்று நான் சொல்வது என் கணவரின் அண்ணனை. வெள்ளகோவிலில் எங்களுக்கு மரச்செக்கு ஆலை இருக்கிறது. கடலை, எள், கொப்பரை மூன்றும் ஆட்டுகிறோம். ஆட்டுவதும் விற்பதும் மூத்தார் பொறுப்பு, வண்டியும் சரக்கும் என் கணவர் பொறுப்பு. நான் பக்கத்திலேயே ஒரு தனியார் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். மூத்தார் கெட்டவரில்லை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் "என்ன அம்மணி, இப்புடி எழுதிப்போட்டயே" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அவருக்கு எங்கள் எண்ணெய் மேல் ஒரு கிறுக்கு. தலைவலி, மலச்சிக்கல், பிள்ளைகளின் ஞாபக மறதி எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் ஒன்றுதான். காசுக்காகச் சொல்லவில்லை, உண்மையாகவே நம்பினார். பொய் சொல்கிறவர்களிடம் சண்டை போட்டுவிடலாம். நம்புகிறவர்களிடம் என்ன செய்வது?

அவர் போட்ட திட்டம் இதுதான். குடும்பத்தில் எல்லோரும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது. நல்ல கொழுப்பு எல்லோருக்கும் அமோகமாக இருக்கும். அந்த எண்களோடு குடும்பப் படத்தைப் போட்டு, 'எங்கள் எண்ணெய்க்கு எங்கள் ரத்தமே சாட்சி' என்று ஃப்ளெக்ஸ் அடித்துக் கடை வாசலில் கட்டுவது. வேறு எந்த ஊரிலாவது ஒரு குடும்பம் தன் ரத்தத்தை எடுத்து விளம்பரப் பலகையில் ஒட்டுமா என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் யாரும் ஆச்சரியப்படக்கூட இல்லை. வெறும் வயிற்றோடு ஒரே காரில் ஏறி லேபுக்குப் போய் ஆளுக்கொரு கையை நீட்டிவிட்டு வந்தோம்.

ரத்தத்தில் ஓடுகிற கொழுப்பில் கெட்டது என்றும் நல்லது என்றும் இருப்பதாக இப்போது ஊருக்கே தெரியும். கெட்டது ரத்தக்குழாயின் சுவரில் படியும். நல்லது அதைச் சுரண்டி எடுத்துக் கல்லீரலுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். பெண்களுக்கு நல்லது ஐம்பதுக்கு மேல் இருந்தால் நிம்மதி. எழுபதைத் தாண்டிய மாமியாருக்கு அறுபத்தொன்று வந்தது. மற்றவர்களுக்கும் சொல்லிக்கொள்கிற மாதிரிதான் வந்தது. எனக்கு முப்பத்து மூன்று.

உனக்குக் கொழுப்பு ஜாஸ்தி என்று பிறந்த வீட்டிலும் சொல்லியிருக்கிறார்கள், புகுந்த வீட்டிலும் சொல்லியிருக்கிறார்கள். குறைச்சல் என்று ஒருவர் சொல்லிக் கேட்டது அன்றைக்குத்தான். ஆனால் சிரிக்கிற நிலையில் வீட்டில் யாரும் இல்லை. மூத்தார் அந்தத் தாளை ஏதோ கோர்ட்டு நோட்டீஸ் மாதிரி பிடித்துக்கொண்டிருந்தார்.

"நம்ம எண்ணெயத்தான சாப்புடறே அம்மணி?"

"ஒரே அடுப்புத்தானுங்க மாமா. ஒரே சட்டிதானுங்க."

"பள்ளிக்கூடத்துல பேக்கரி பப்ஸு கிப்ஸு ஏதாச்சும்..."

"இல்லீங்க."

"அப்பறம் எப்புடி?"

அந்த 'எப்புடி'க்கு வீடே சேர்ந்து விடை கண்டுபிடித்தது. நான் நடப்பதில்லை. நான் உட்கார்ந்தே வேலை பார்க்கிறேன். நான் முன்பு போல ஓடியாடிச் செய்வதில்லை. மூத்தார் மனைவி, "அம்மணியும் பாவம், ஒடம்பு கொஞ்சம் சோம்பலாயிருச்சு போல" என்றார். அந்தப் 'பாவம்' இருக்கிறதே, அதற்கு நேராகவே திட்டியிருக்கலாம். மறுநாளிலிருந்து மாமியார் காலையில் வெறும் வயிற்றில் இரண்டு கரண்டி தேங்காயெண்ணெய் கொடுக்க ஆரம்பித்தார். "கண்ண மூடிக் குடிச்சுப்போடு கண்ணு" என்று பக்கத்திலேயே நின்றார். அன்பாகத்தான் நின்றார். எனக்கு வாந்தி வரும் வரை நின்றார்.

இப்போது என் உடம்பின் கதையைச் சொல்லியாக வேண்டும். இந்த ரத்தப் பரிசோதனைக்கு ஒரு வருடம் முன்பே காலையில் எழுந்தால் என் விரல்கள் மடங்காமல் போயிருந்தன. பற்பசை மூடியைத் திறக்க முடியாது. பால் பாக்கெட்டைப் பல்லால் கடித்துத்தான் கிழிப்பேன். வெயில் ஏறி, பள்ளி மணி அடிக்கிற நேரத்துக்குத்தான் விரல்கள் கொஞ்சம் இளகிக் கொடுக்கும். இரண்டு கையிலும் ஒரே மாதிரி, ஒரே கணுக்களில் வீக்கம். தொட்டால் சுடும். தரையில் கால் வைத்தால் ஜல்லிக் கற்கள் மேல் நிற்பது போல இருக்கும். இவற்றையெல்லாம் விடப் பெரிய தொல்லை அசதி. பத்து மணி நேரம் தூங்கி எழுந்தாலும் அப்போதுதான் தறி ஓட்டிவிட்டு வந்து விழுந்தவள் போலக் கிடப்பேன். சொல்லாமல் இருக்கவில்லை. சொன்னேன். வாயு என்றார்கள். நாற்பதைத் தாண்டினால் அப்படித்தான் என்றார்கள். ஏசியில் உட்காராதே என்றார்கள், எங்கள் பள்ளியில் மின்விசிறியே ஒழுங்காகச் சுற்றாது.

அந்தக் கால்களோடுதான் நான் நடக்கவும் போனேன். நடந்தால் நல்ல கொழுப்பு ஏறும் என்று எல்லோரும் சொல்கிறார்களே, நாமும் நடந்து பார்த்துவிடுவோம் என்று ஒரு வீம்பு. விடிந்ததும் பள்ளி மைதானத்தில் சுற்றுவேன். இரண்டாவது சுற்றிலேயே கணுக்கால் இரண்டும் எரியும். எதிரில் வருகிற பெண்கள் எல்லோரும் எங்கள் எண்ணெய் வாங்குகிறவர்கள். "ஏனுங் டீச்சர், இவ்வளவு மெதுவா நடந்தா எங்கீங்க கொழுப்பு ஏறும்" என்பார்கள். செய்தி ஊர் பூராவும் போயிருந்தது. ஒருநாள் மைதானத்து ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க முடியவில்லை. கையை ஊன்றி எழுந்திருக்கலாமென்றால் கையை ஊன்ற முடியவில்லை. ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இரண்டு காலிலும் நெருப்பை வைத்துக்கொண்டு நடக்கிறவளுக்கு ஊர் வைத்த பெயர் சோம்பேறி.

என் கணவர் வாயைத் திறந்து பேசுகிறவர் அல்ல. அண்ணன் முன்னால் உட்காரக்கூட யோசிப்பார். ஒருநாள் காலையில் நான் முழங்கையால் குழாயைத் திறந்துகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டார்.

"ஏம்புள்ள, எத்தன நாளா இப்புடி?"

"ரெண்டு வருசமாச் சொல்லிக்கிட்டேதான் இருக்கறேன்."

அந்த வாரமே விடுப்பு எடுக்கச் சொன்னார். காங்கேயம், பல்லடம் வழியாகக் கோயம்புத்தூருக்கு வண்டியை விட்டார். அவிநாசி சாலையில் மூட்டுவாதத்துக்கென்றே ஒரு பெண் மருத்துவர் இருப்பதை லாரி புக்கிங் ஆபீஸில் யாரிடமோ கேட்டுத் தெரிந்துவைத்திருந்தார்.

மருத்துவர் என் விரல் கணுக்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். எந்தக் கணுவில் நான் பல்லைக் கடித்தேனோ அதையெல்லாம் கவனித்துக்கொண்டார். ரத்தம் எடுத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள். அடுத்த முறை போனபோது பெயர் சொன்னார். முடக்குவாதம். உடம்பைக் காப்பாற்ற வேண்டிய எதிர்ப்புச் சக்தி, ஆள் தெரியாமல் சொந்த மூட்டுகளையே போட்டு அடிக்கிற நோய். நான் கைப்பையிலிருந்து பழைய கொழுப்புப் பரிசோதனைத் தாளையும் எடுத்து நீட்டினேன். ஒரு வருடக் கேள்வி அது. கேட்காமல் போக முடியாது.

"டாக்டர், நல்ல கொழுப்பு கம்மியாப் போனதாலதான் இந்த வலிங்களா? நான் நடக்காததால வந்ததுன்னு எல்லாருஞ் சொல்றாங்க."

அவர் தாளைப் பார்த்தார், என் விரல்களைப் பார்த்தார். "தலைகீழாப் புடிச்சிருக்காங்க. கொழுப்பு கொறஞ்சதால மூட்டு வீங்கலீங்க. இந்த வீக்கம் உடம்பு பூரா ரொம்ப நாளா ஓடிக்கிட்டிருக்கறதாலதான் கொழுப்பு கொறஞ்சிருக்குது."

"புரியலீங்க."

"நல்ல கொழுப்பக் குப்பை வண்டின்னு வெச்சுக்குங்க. தெனமும் தெருவுல வந்து அள்ளிட்டுப் போற வண்டி. தெருவுல கலவரம் நடந்தா அது வருங்களா? பாதி வண்டி வராது. வர்ற வண்டியும் ஒழுங்கா அள்ளாது. அழற்சி நாள்பட்டதுன்னா, அந்தக் கொழுப்பு மேல இருக்கற புரதமே மாறிப் போயிரும். சுத்தம் பண்ண வேண்டியது சில சமயம் கலவரத்துலயே சேந்துக்கும். அதனால நம்பர மட்டும் பாத்து ஆளையும் எடை போடக் கூடாது, இருதயத்தையும் எடை போடக் கூடாதுங்க. அது எத்தன இருக்குதுன்னு இந்தத் தாள் சொல்லும். வேல செய்யுதான்னு சொல்லாது."

"அப்ப நடந்திருந்தா?"

"வலி அடங்குனதும் நடங்க, நல்லதுதான். ஆனா நீங்க நடக்காததால வந்ததில்ல இது. உங்க மேல தப்பு எதுவுமில்லீங்க."

இந்த மாதிரி இடத்தில் அழுகை வரும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எனக்கு வந்தது கோபம். ஒரு வருட எண்ணெய், ஒரு வருடப் 'பாவம்', மைதானத்தில் உட்கார்ந்த அந்தக் காலை எல்லாம் அதில் சேர்ந்துகொண்டன. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மருத்துவர் அதோடு விடவில்லை. "இது மூட்டோட நிக்கற நோயில்லீங்க. உள்ளுக்குள்ள ரத்தக்குழாயையும் அரிச்சுக்கிட்டே இருக்கும். அழற்சிய அடக்கினாத்தான் இருதயம் தப்பிக்கும். வாரத்துக்கு ஒரு நாள் மாத்திரை. யார் என்ன சொன்னாலும் நானாச் சொல்லாம நிறுத்தக் கூடாது. இன்னொன்னையும் இப்பவே சொல்லிடறேன். மாத்திரை வேல செய்யறப்ப நல்ல கொழுப்பு ஏறும். கெட்ட கொழுப்பும் கூடவே கொஞ்சம் ஏறலாம். நோய் அமுக்கி வெச்சிருந்தது மேல வருதுன்னு அர்த்தம். பயந்துபோயி மாத்திரைய விட்றாதீங்க, அத அப்பப் பாத்துக்கலாம்."

என் அப்பா மார்வலி வந்து போனவர். அவர் போன வயது எனக்கு வர அதிக வருடம் இல்லை. அந்த மாத்திரையை நான் எவ்வளவு கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பிடுங்கத்தான் ஆள் இருந்தது. மூத்தார் மகள் மாத்திரையின் பெயரைக் கைபேசியில் தேடிப் பார்த்துவிட்டாள். அவ்வளவுதான். "அது கேன்சருக்குக் குடுக்கறதாமா கண்ணு. உனக்கெதுக்கு அந்த விஷம்?" என்று மாமியார் அடுக்களையில் வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். அளவு வேறு, இதற்கு மிகவும் குறைவாகத்தான் கொடுப்பார்கள், மாதாமாதம் ரத்தம் பார்ப்பார்கள் என்று பொறுமையாகச் சொன்னேன். மூத்தார் வந்து, "கையில வெண்ணெய வெச்சுக்கிட்டு நெய்க்கு அலையற மாதிரி, ஊட்டுலயே மருந்த வெச்சுக்கிட்டு எதுக்கு அம்மணி கோயமுத்தூருக்கு அலையறே" என்றார்.

"எண்ணெய் தாளிக்கறதுக்குங்க மாமா. மாத்திரை வியாதிக்குங்க."

வீட்டில் அப்படிப் பேசி எனக்கே பழக்கமில்லை. அதற்குப் பிறகு நான்கு நாட்கள் சோறு போடும்போதுகூட யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. போகட்டும் என்று விட்டேன். காலைக் கரண்டி எண்ணெயையும் அன்றோடு நிறுத்தினேன். கரண்டியை வாங்கி அப்படியே வாணலியில் ஊற்றினேன்.

சனிக்கிழமை மாத்திரை. ஞாயிற்றுக்கிழமை வயிற்றைப் புரட்டும், எதைப் பார்த்தாலும் குமட்டும். திங்கட்கிழமை பள்ளி. முதல் இரண்டு மாதம் ஒன்றும் தெரியவில்லை. விட்டுவிடலாமா என்று தோன்றாமல் இல்லை. பிறகு ஒருநாள் குளித்துவிட்டு வந்து யோசிக்காமலே தலைமுடியை அள்ளிக் கொண்டை போட்டேன். போட்டுவிட்டுத்தான் உணர்ந்தேன். அவிழ்த்துவிட்டு மறுபடி போட்டேன். கண்ணாடி முன்னால் நின்று பைத்தியக்காரி போல அவிழ்த்து அவிழ்த்துப் போட்டுக்கொண்டிருந்தேன். எலுமிச்சம்பழம் பிழிந்தேன். ஈரச்சேலையை முறுக்கிப் பிழிந்து காயப்போட்டேன். கரும்பலகையில் ஒரு பாட்டை முழுதாக எழுதி, எழுத்து கோணாமல் முடித்தேன். இதெல்லாம் ஒரு சாதனையா என்றால், ஆமாம், சாதனைதான்.

மருத்துவர் மறுபடியும் கொழுப்பு பார்க்கச் சொன்னார். நல்லது நாற்பத்து நான்கு. அவர் சொல்லியிருந்தபடியே கெட்டதும் கொஞ்சம் ஏறியிருந்தது. "வீக்கம் அடங்குது, நல்ல சேதிதானுங்க" என்றார். கெட்டதற்கு என்ன செய்வது என்று பிறகு பார்க்கலாம் என்றார். வீட்டுக்கு வந்ததும் அந்தத் தாள் மூத்தார் கைக்குப் போனது. ஒரு வருடமாகக் கருத்திருந்த அவர் முகம் அன்றைக்குத்தான் தெளிந்தது.

"பாத்தயா அம்மணி, நம்ம எண்ணெயி வேல செஞ்சிருச்சு."

"மாத்திரைங்க மாமா."

"கெட்டது ஏறியிருக்குதுல்ல, அதுதான் மாத்திரை. நல்லது ஏறுனது எண்ணெயி."

ஒரே ரத்தம், ஒரே தாள். ஏறின நல்லது அவருடையது, ஏறின கெட்டது என் மருத்துவருடையது. இதைக் கேட்டு என் கணவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரிக்கவில்லை. அடுத்து என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வந்தது. "இனி அந்த மாத்திரைய விட்டர்லாமே. அப்பறம், அம்மணி, உன்ற போட்டோவ நடுவால போட்டு ஒரு ஃப்ளெக்ஸு. கோயமுத்தூருல வேளாண் கண்காட்சி வருது. ஸ்டாலு எடுத்தாச்சு."

"மாத்திரைய விட மாட்டனுங்க. போட்டோவும் வேண்டாமுங்க மாமா."

தெளிவாகத்தான் சொன்னேன். ஆனால் எங்கள் பக்கம் வேண்டாம் என்று சொன்னால் யார் வேண்டாம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்? பந்தியில் போதும் என்று இலை மேல் கையை மறித்தால், கையை விலக்கிவிட்டு இன்னொரு கரண்டி ஊற்றுவார்கள். ஒறம்பரை என்கிற சொந்தக்காரர் வீட்டில் காப்பி வேண்டாம் என்றால் இரண்டு டம்ளர் வரும். ஒரு பெண் போட்டோ வேண்டாம் என்றால் அது அடக்கம், கூச்சம், நல்ல வளர்ப்பு. மூத்தார் என் மறுப்பைக் கேட்டு உள்ளூர மகிழ்ந்துகூடப் போயிருப்பார் என்று நினைக்கிறேன்.

கண்காட்சி ஒரு சனிக்கிழமை தொடங்கியது. கூட்டம் தாங்காது, ஒரு கை உதவிக்கு வா என்று கூப்பிட்டார்கள், போனேன். அவர்கள் விடிவதற்கு முன்பே சரக்கு வண்டியில் போய்விட்டார்கள். நானும் என் கணவரும் காரில் பின்னால் போனோம். பந்தலுக்குள் நுழைந்து எங்கள் ஸ்டாலைத் தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. தூரத்திலிருந்தே என் முகம் தெரிந்தது. யாரோ கல்யாணத்தில் எடுத்த படம், காதில் கழுத்தில் எல்லாம் போட்டுக்கொண்டு ஆள் உயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தேன். முப்பத்து மூன்றிலிருந்து ஓர் அம்புக்குறி மேலே ஏறி நாற்பத்து நான்கில் நின்றது. அதன் கீழே சிவப்பு எழுத்தில், 'மருந்தில்லை! மாத்திரையில்லை! செக்கெண்ணெய் மட்டுமே!'

என் கணவரைப் பார்த்தேன். "எனக்குத் தெரியாது புள்ள, சத்தியமா" என்றார்.

மூத்தார் கடலையெண்ணெய் டின்களை அடுக்கிக்கொண்டிருந்தார். நேராகப் போய், "இதக் கழட்டுங்க மாமா" என்றேன்.

"வெறும் போட்டோதான அம்மணி. பொழுதோட கழட்டிக்கலாம். ஆளுக வர்ற நேரம், சத்தம் போடாத."

அப்போதுதான் அந்த அம்மாள் வந்தார். என் வயதுதான் இருக்கும், கொஞ்சம் கூடவும் இருக்கலாம். பேருந்தில் வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. ஃப்ளெக்ஸையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏனுங்க, இது நீங்கதானுங்களே?"

"நான்தானுங்க."

"நான் சத்தியிலிருந்து வாரனுங்க, சத்தியமங்கலம். உங்களப் பாக்கறதுக்குன்னே வந்தேன். உங்க போட்டோ வாட்ஸப்புல வந்துச்சுங்க, இந்தக் கண்காட்சிக்கு வருவீங்கன்னும் போட்டிருந்துச்சு. எனக்கும் முடக்குவாதந்தானுங்க. உங்களுக்கு அது எண்ணெயிலயே செரியாயிருச்சுன்னு போட்டிருந்துச்சா, மாத்திரைய நிறுத்திப்போட்டேன். ஒரு மாசமாச்சுங்க. எண்ணெயி தவறாமக் குடிக்கறேன். ஆனா வலி அடங்கவே மாட்டீங்குது. எத்தன கரண்டி குடிக்கோணும்னு உங்களக் கேக்கலாம்னுட்டு..."

முந்தானைக்குள் வைத்திருந்த கையை வெளியே எடுத்து நீட்டினார். விரல் கணுக்கள் உருண்டு பளபளத்தன. தொட்டேன். சுட்டது. அந்தச் சூடு எனக்குத் தெரியும்.

மூத்தார் வாட்ஸப்பில் அனுப்பிவிட்ட என் முகம் ஒரு மாதமாக எங்கெல்லாமோ போய்க்கொண்டிருந்திருக்கிறது. நான் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, கொண்டை போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அது வீடு வீடாகப் போய் மாத்திரையை நிறுத்து என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறது. எனக்கு ஒரு வருடம் செய்ததை இப்போது என்னை வைத்தே இன்னொருத்திக்குச் செய்திருக்கிறார்கள்.

ஸ்டாலைச் சுற்றி ஆட்கள் சேர்ந்திருந்தார்கள். சேரட்டும் என்று நினைத்தேன். கைப்பையைத் திறந்து மாத்திரை அட்டையை எடுத்தேன். சனிக்கிழமைதானே, இரவு சாப்பாட்டுக்குப் பிறகு போடுவது. அன்றைக்கு அப்போதே போட்டேன். என் கணவரிடம் தண்ணீர் கேட்டேன், கொடுத்தார். என் படத்துக்குக் கீழே நின்று, எல்லோரும் பார்க்க அந்த வாரத்து மாத்திரைகளை ஒவ்வொன்றாக விழுங்கினேன்.

"இதாலதானுங்க ஏறுச்சு" என்று அந்த அம்மாளிடம் சொன்னேன். பின்னால் நிற்பவர்களுக்கும் கேட்கட்டும் என்று வகுப்பறைக் குரலில்தான் சொன்னேன். "எண்ணெயால இல்லீங்க. எண்ணெய நான் குடிக்கறதே இல்ல. வாராவாரம் இந்த மாத்திரைதான். நான் போடறதப் பாத்துட்டு நீங்களா மறுபடி ஆரம்பிச்சறாதீங்க. இன்னைக்கே டாக்டரப் பாப்போம். என்ற டாக்டரு இந்த ஊருலதான் இருக்காங்க."

மூத்தார் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "அம்மணி, ஆளுக பாக்கறாங்க."

"பாக்கட்டுங்க."

ஃப்ளெக்ஸை நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். கத்தியோ கத்திரியோ யாரிடமும் கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி முடிச்சுகளை விரலாலேயே அவிழ்த்தேன். நேரம் ஆனது. யாரும் தடுக்கவும் இல்லை, உதவவும் இல்லை. கடைசி முடிச்சு அவிழ்ந்ததும் என் முகம் மடிந்து கீழே விழுந்தது. இறங்கி வந்து சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டேன்.

"ஸ்டாலு?" என்றார் மூத்தார். அவர் குரலில் அதட்டல் இல்லை. எண்ணெய் வேலை செய்யவில்லை என்பது அப்போதுதான் காதில் விழுந்ததைப் போல, வழி தெரியாத ஆள் மாதிரி நின்றார்.

"ஸ்டால நீங்க பாத்துக்குங்க மாமா. இவங்கள நான்தான் பாக்கோணும். என்ற மூஞ்சியப் பாத்துத்தான நிறுத்தியிருக்காங்க."

என் கணவர் அண்ணனைப் பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்து கார் சாவியை எடுத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தார்.

அந்த அம்மாளைப் பின்சீட்டில் உட்காரவைத்து நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். "நான் மோசம் போயிட்டனுங்களா?" என்று கேட்டார். "இல்லீங்க. உங்க மேல தப்பு எதுவுமில்லீங்க" என்றேன். அவர் என் கையைப் பிடிக்கப் பார்த்தார். விரல்கள் மடங்கவில்லை. நான் பிடித்துக்கொண்டேன்.